நோட்டீஸ் டீச்சரின் நான்கு கேள்விகள்

திருவனந்தபுரத்தில் சுவரில் ஒட்டிய எந்தக் காகிதமும் நோட்டீஸ் டீச்சர் வாசிக்காமல் கிழிந்துபோனதாகச் சரித்திரம் இல்லை. கோயில் உற்சவம், கட்சி ஊர்வலம், காணாமல் போன பூனை, மூட்டுவலி எண்ணெய் என்று எதுவானாலும் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர்வரை வாசித்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். வீடு வலியசாலையில், தமிழ் அக்ரகாரத்தில். பள்ளிக்கூடம் கரமனையில். மற்றவர்கள் அரைமணியில் நடந்துவிடும் தூரத்துக்கு அவர் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார். தேர்தல் வந்தால் இரண்டு மணி நேரம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் பஸ் கண்டக்டருக்கும், தலைமையாசிரியைக்கும்கூட, அவர் நோட்டீஸ் டீச்சர்தான்.

வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. தேதி தாண்டிய நோட்டீஸைக் கண்டால் கிழித்துவிடுவார். அது அவருடைய சட்டம். கைப்பையில் இதற்கென்றே ஒரு தோசைத் திருப்பி வைத்திருந்தார். ஒருமுறை கரமனைப் பாலத்துப் பக்கம் ஒரு கட்சி போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மூன்று இளைஞர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"டீச்சரே, இது நம்மட போஸ்டராக்கும்."

"ஊர்வலம் என்னிக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அப்போ யாரை வான்னு கூப்பிடறேள்?"

மூன்று பேரும் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்த நான்கு போஸ்டர்களையும் அவர்களே கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இவரிடம்தான் என் மகள் அபி இரண்டாம் வகுப்பில் போய் மாட்டினாள். நான் திருநெல்வேலிக்காரன். நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. மனைவிக்கு வேலை கொச்சியில், வெள்ளிக்கிழமைதான் வருவாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மலையாளப் பள்ளியே போதும் என்பது அவளுடைய முடிவு. அபியைப் பற்றிக் கவலைப்படுவது என்னுடைய பொறுப்பு. மூன்று வயதில் வயிற்றுப்போக்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக் கிடந்த குழந்தை அவள். அதிலிருந்து தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். சம்பள உயர்வு வந்ததும் முதலில் வாங்கியது ஒரு பெரிய வாட்டர் ஃபில்ட்டர்.

முதல் பெற்றோர் கூட்டத்தில் டீச்சரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மேசைமேல் ஒரு பிக் ஷாப்பர் பை. அதற்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்தவை: குக்கர் வாங்கும்போது கூட வருகிற சிறு புத்தகம், வெண்டை விதைப் பாக்கெட், பஸ் நேர அட்டவணை, காய்ச்சல் மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதம்.

"இதாக்கும் இந்த வருஷத்துப் பாடம்" என்றார்.

நான் எழுந்தேன். "டீச்சர், ஏழு வயசுப் பிள்ளைங்க. கதைப் புத்தகம் எதுவும்...?"

"கதை நன்னா வாசிக்கட்டும். ஆனா கதையில 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு ஒரு கேள்விதான். இதுல 'எனக்கு வேண்டியது எங்கே இருக்கு'ன்னு தேடணும். அது வேற வித்தை. நாம யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை. சாரே, உங்க வீட்டு வாஷிங் மெஷினோட புத்தகம் வாசிச்சிருக்கேளா?"

"இல்ல."

"ஆங்" என்று சொல்லி அடுத்தவரைப் பார்த்தார்.

வீட்டில் விளைவுகள் தெரிய இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அபி எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்து திறக்க ஆரம்பித்தாள். பறவைகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தை விரித்து, "வா, வாசிப்போம்" என்றேன்.

"அப்பா, முதல் பக்கம் வேண்டா. நமக்கு மரங்கொத்தி மட்டும் மதி." கடைசிப் பக்கத்துக்குப் போனாள், அகரவரிசையில் விரலை ஓட்டினாள், நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தாள், படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தாள், மூடினாள். "கழிஞ்ஞு." முடிந்ததாம்.

"மிச்சப் புத்தகம்?"

"அது பின்ன வேண்டி வரும்போ."

நான் கொடுத்த விலைக்கு ஒரு மரங்கொத்தி.

அடுத்து வந்தது நோட்டுப் புத்தகம். தினமும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஏதாவது ஒரு அறிவிப்பையோ லேபிளையோ வாசித்து நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். யார் எழுதினது? யாருக்கு? எந்தத் தேதி? நாம் இப்போது என்ன செய்ய வேண்டும்?

இந்த நான்கு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு குழந்தைகள் கரமனையில் இறங்கினார்கள். மருந்துக்கடையில் அபி இருமல் மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்த்தபிறகுதான் பையில் போட விட்டாள். என் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணப் பத்திரிகையை வாசித்து, "இதுல ஒன்பது மணிக்குன்னு இருக்கு, பின்னாடி அட்டையில பத்தரைன்னு இருக்கு. நாம எப்போ போகணும்?" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே கேட்டாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட, கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்த அன்று நடந்ததுதான் பெரிய சேதி. தலைமையாசிரியையின் அறையில் காபி, வடை, மரியாதை எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. அபியின் வகுப்பிலிருந்து மூன்று குட்டிகள் வரிசையாக உள்ளே போய், சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டருக்கு முன்னால் நின்று சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள். யார் எழுதினது, சொன்னார்கள். யாருக்கு, சொன்னார்கள். எந்தத் தேதி என்று வந்தபோது, "டீச்சரே, இது ஞங்கள் எல்.கே.ஜி.யில் படிக்கும்போதே முடிஞ்சுபோச்சே!"

வடை அப்படியே நின்றதாம். மறுநாள் புது சிலிண்டர் வந்தது. நோட்டீஸ் டீச்சருக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. அவர் அதை வகுப்புக்கு எடுத்துப்போய், "யாரு எழுதினது? யாருக்கு?" என்று அதையும் ஒரு பாடமாக நடத்திவிட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். இல்லாமல் போனதற்குக் காரணம், நான் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயம்.

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். பேசுவேன், சண்டை போடுவேன், காய்கறிக்கு பேரம் பேசுவேன். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. பஸ்ஸை எண்ணை வைத்துப் பிடிப்பேன். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். ஒரு வயதுக்கு மேல், வாசிக்கத் தெரியாத எழுத்து கண்ணில் படுவதே இல்லை. சுவரோடு சுவராகிவிடுகிறது. ஆனால் அபி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று, "அப்பாவுக்கு மூணு பாஷை வாசிக்கத் தெரியுமாக்கும்" என்று பெருமையாக ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். விட்ட வார்த்தையைக் காப்பாற்ற அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நோட்டு நிரப்பும் நேரம் வந்தால், "நீயே வாசிட்டி, அப்பா கேக்கேன்" என்பேன். அவள் வாசித்து முடித்ததும், "சரிதான், சரிதான்" என்று தலையாட்டுவேன். மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் கழிப்பறைக்குப் போய் செல்போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பேன். செல்போன் ஒருமுறை கோயில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு யானை உரையாற்றும் என்றது. அதை நம்பி அபியிடம் சொல்லவும் செய்தேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். நோட்டில் வேறு ஏதோ எழுதினாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முழுவதற்கும் புதிதாக ஒரு சட்டம் வந்தது. காதால் கேட்டு நோட்டில் எழுதக் கூடாது. யார் சொன்னாலும் சரி, குழந்தை நேரே போய்க் காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஒரு அம்மா, "என் மோன் லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸின் தேதி பார்க்க ராத்திரிச் சோற்றை விட்டுட்டு இறங்கி ஓடறான்" என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். நானும் சிவந்த முகம் இரண்டு போட்டேன். பெரியவர்கள் சொல்வதை நம்பாத ஒரு தலைமுறையை இந்த அம்மாள் உருவாக்குகிறார் என்று மனைவியிடம் போனில் புலம்பினேன்.

இதற்கிடையில் எங்கள் ஃபில்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அபி அலமாரியிலிருந்து ஃபில்ட்டரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, பதினெட்டாம் பக்கம். சிவப்பு எரிஞ்சா உள்ளே உள்ளது மாத்தணும். மாத்தற வரைக்கும் அதுல குடிக்கண்டா."

"அது கரண்ட் இருக்குன்னு காட்டுத லைட்டுட்டி" என்றேன். அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு நாளெல்லாம், புத்தகத்தைப் படித்துப் பாருங்கள் என்று பதில் எழுதுகிறவன் நான்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. மூன்றரை மணிக்கு அபியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். நல்ல வெயில். நான்கு மணிக்கு அலுவலகக் கூட்டம். எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு புதிய காகிதம் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. அபி வழக்கம்போல நின்றாள்.

"அப்பா, புது நோட்டீஸ்."

"ஏட்டி, நேரமாச்சு. அப்பா காலையிலேயே வாசிச்சாச்சு."

"என்ன இருக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். வா."

 ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒட்டப்படும் நோட்டீஸ் பத்தில் ஒன்பது மீட்டிங்தான் என்பது என் அனுமானம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேலே போனோம். ஃபில்ட்டரிலிருந்து தண்ணீர் பிடித்து எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு தம்ளர் சர்பத் போட்டேன். தாகம். என்னுடையதை நின்றுகொண்டே ஒரே மூச்சில் குடித்தேன். அபி தம்ளரைத் தூக்கி உதட்டுப் பக்கம் கொண்டுபோனாள். பிறகு கீழே வைத்தாள்.

"அந்த நோட்டீஸ்ல என்ன தேதி போட்டிருந்தது?"

"ஏதோ ஒரு தேதி. குடிட்டி."

"ஞான் போய்ப் பார்த்துட்டு வரேன். இன்னிக்கு நோட்டு எழுதணும்."

"முதல்ல இதைக் குடி, பொறவு போ!"

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. டீச்சரை மனதுக்குள் திட்டினேன். நோட்டைத் தீ வைத்துக் கொளுத்தப் போகிறேன் என்றுகூட நினைத்தேன். கீழிருந்து சத்தம் கேட்டது. அபி ஒவ்வொரு படியிலும் நின்று கத்திக்கொண்டு வந்தாள்.

"அப்பா! குழாய் வெள்ளம் குடிக்கண்டா! அப்பா!"

மூச்சிரைக்க வாசலில் நின்று ஒப்பித்தாள். எழுதினது செக்ரட்டரி. எல்லா வீட்டுக்காரர்களுக்கும். இன்றைய தேதி. கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கசிந்திருக்கிறது. சரியாகும்வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, வாசலில் டிரம்மில் தண்ணீர் வைத்திருக்கிறது, பிடித்துக்கொள்ளவும்.

அவள் என் தம்ளரைப் பார்த்தாள். அது காலி. அவளுடையது தளும்ப நின்றது.

"குடிச்சாச்சா?" என்றாள்.

நான் அவளுடைய தம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். பாதி தரையில் போயிற்று.

அடுத்த மூன்று நாள் நான் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்தினேன். கொச்சியிலிருந்து மனைவி வியாழக்கிழமையே வந்தாள். டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே, "நல்லவேளை, குழந்தை குடிக்கல. ஒருதடவை டிரிப் வரைக்கும் போன குழந்தை அல்லே" என்றார். அபி பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவுக்குள் இருந்த காகிதத்தை விரித்து, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தேடிக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலேயே வாசிச்சாச்சு என்று சொன்னது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி ஒரு தகவல் புத்தகம் செய்திருந்தது. கதை கூடாது. பொருளடக்கம், தலைப்புகள், அம்புக்குறி போட்ட படம், கடைசியில் அகரவரிசை எல்லாம் வேண்டும். அபி என்னைப் பற்றி எழுதியிருந்தாள். மலையாளத்தில்.

அட்டையில் நான். வயிறு உண்மையைவிடச் சற்றுப் பெரிதாக. என்னைச் சுற்றிப் பதினோரு அம்புக்குறிகள். ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் புரட்டிப் புரட்டிச் சிரித்தார்கள். ஒருவர் என் தோளில் தட்டி, "சாரே, வாழிடம் சோபாவோ?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் போனதும் பக்கங்களை மெதுவாகத் திருப்பினேன், வாசிப்பது போல.

"வாசிச்சேளா சாரே?" பின்னால் நோட்டீஸ் டீச்சர்.

"வாசிச்சேன் டீச்சர். ரொம்ப நல்லா எழுதியிருக்கா."

"எந்தப் பக்கம் பிடிச்சுது?"

நாற்பத்தேழு வயதில், இரண்டாம் வகுப்பு பெஞ்சுக்குப் பக்கத்தில், வீட்டுப்பாடம் செய்யாத பையனாக நின்றேன். பிறகு சொன்னேன். "எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது டீச்சர்." வேறு யாரிடமும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் ஆச்சரியப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. குட்டி பெஞ்சில் உட்காரச் சொன்னார். புத்தகத்தைப் பின்பக்கம் திருப்பி, அகரவரிசையில் ஒரு சொல்லைத் தொட்டு, ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தார். தலைப்பு: அப்பாவுக்குத் தெரியாதவை. ஒன்று, சப்பாத்தியை வட்டமாக இடுவது. இரண்டு, நீச்சல். மூன்று, மலையாளம் வாசிப்பது. அதற்குக் கீழே எழுதியிருந்தது: 'கேட்டால் வாசித்தேன் என்று சொல்வார். பாவம். அதனால் நான் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்வேன்.'

டீச்சரின் விரல் பக்கத்தின் அடிக்கு நகர்ந்து அங்கே நின்றது. தேதி. அவருடைய வகுப்பில் தேதி இல்லாமல் எதுவும் இருக்காது. எண்ணை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சர்பத் போட்ட புதன்கிழமைக்குப் பதினேழு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமைதான் அந்தப் புதுச் சட்டம் வந்தது.

"டீச்சர்... காதால் கேட்டு எழுதக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது..."

"அது கிளாஸ் முழுக்க எல்லாருக்கும் உள்ள சட்டமாக்கும்" என்றார். பையிலிருந்து நான்கு கட்டம் போட்ட ஒரு புது நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "முதல் எழுத்திலேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்கு எது அவசரமா வேணுமோ அதிலேர்ந்து தொடங்குங்கோ."

தண்ணீர் என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன்.

அபிதான் திருத்துகிறாள். சிவப்பு மையில், கொஞ்சமும் இரக்கம் இல்லாமல். ஆரம்பத்தில் நான் பஸ் பலகையை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். "சாரமில்லப்பா, அடுத்த பஸ்ல ட்ரை பண்ணு" என்பாள். ஃபில்ட்டரைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டாம் பக்கத்தை மட்டும் திறந்து அதன்மேல் வைத்திருக்கிறாள்.

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, வகுப்பறைக் கதவில் ஒரு நோட்டீஸ். அபி என் கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். "அப்பா வாசி" என்றாள். மணி அடித்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். யாருக்கு: மூன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தைகளுக்கும் அவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும். செய்தி: டீச்சருக்கு வடக்கே வேறு ஊருக்கு மாற்றல், இன்று முதல். நாம் என்ன செய்ய வேண்டும்: புது டீச்சர் எதை வாசிக்கக் கொடுத்தாலும் தேதி கேட்கவும். யார் எழுதினது: கடைசி வரியில் அவருடைய பெயர். எழுத்துக் கூட்டி நானாக வாசித்த முதல் பெயர் அதுதான்.

சாயங்காலம் கதவில் ஒட்டியிருந்ததை அபி கிழியாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். தேதி தாண்டி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. டீச்சரின் சட்டப்படி அதை எப்போதோ கிழித்திருக்க வேண்டும். அபி தினமும் பால் எடுக்கும்போது அந்தத் தேதியைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். இரண்டு பேருமே வாசிக்கத் தெரியாதவர்கள் மாதிரி நகர்ந்துவிடுகிறோம்.